வெள்ளிப் பெட்டிக்குள் வந்த காற்று

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் குன்னூர் வயலட் அக்கா. என் சின்னவள் கல்யாணமாகி மெல்போர்னுக்குப் போன வருஷம், எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகைக்கு விருந்தாளியாக வந்திருந்தவர், பிரியாணிக்கு என்னோடு உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னார். வெங்காயம் என்பதால் எங்கள் இருவர் கண்ணிலும் தண்ணீர் வந்ததைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

குன்னூரில் வேதக்கோயிலுக்குக் கீழே, வரிசையாக இருக்கும் தகரக்கூரை வீடுகளில் ஒன்றில் கிருபாவதி அக்கா இருக்கிறார். புருஷன் காலமான பிறகு மிஸ் ஆக்லண்ட் என்கிற வயதான வெள்ளைக்காரம்மாவின் பங்களாவில் சமையலும் துணையுமாக நெடுங்காலம் இருந்தவர். அந்த அம்மாவிடம் விக்டோரியா ராணி காலத்து நகைகள் ஒரு வெல்வெட் பெட்டி நிறைய இருந்தனவாம். நம் நகை போல மினுக்குவதற்கு மட்டும் இல்லை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வேலை ஒளிந்திருக்கும். பூமொட்டுப் பதக்கத்தைத் திருகினால் உள்ளிருந்து பென்சில் வரும், மார்பில் குத்துகிற இதயம் போன்ற ப்ரோச்சைத் திறந்தால் ஊசியும் நூலும் இருக்கும், வண்ணத்துப்பூச்சிக் கொக்கியை இடுப்பில் மாட்டினால் அது பாவாடை நுனியைக் கவ்விக்கொண்டு சேற்றில் படாமல் தூக்கிப் பிடிக்கும்.

"எங்க பாட்டிமாருக்குப் பாக்கெட் கிடையாது கிருபா, அதான் வேலைச் சாமானையெல்லாம் நகையா மாட்டிக்கிட்டாங்க" என்பாராம் மிஸ் ஆக்லண்ட்.

"எங்களுக்கு முந்தானை இருக்குதே அம்மா, சாவியிலேர்ந்து சில்லறை வரைக்கும் அதுலயே முடிஞ்சுக்குவோம்" என்பாராம் கிருபாவதி அக்கா, இருவரும் சிரிப்பார்களாம்.

அந்த அம்மா கண்ணை மூடியதும் லண்டனிலிருந்து மருமகன் முறைக்காரர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, உள்ளே எதுவோ கருகிக் கிடக்கிறது என்று ஒன்றை மட்டும் வேண்டாமென்று ஒதுக்கி, இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கிருபாவதி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கட்டைவிரல் நகம் அளவுக்குப் புத்தகம் போல ஒரு வெள்ளிப் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே தங்கப் பூச்சு, அதில் இலையும் கொடியுமாகத் துளையிட்ட சின்னத் தட்டு, தட்டுக்கு அடியில் காய்ந்து கறுத்த ஒரு துண்டு பஞ்சு. அந்தக் காலத்துச் சீமாட்டிகள் அந்தப் பஞ்சைக் காடியிலும் அத்தரிலும் நனைத்து வைத்துக்கொண்டு, சாக்கடைத் தெருவைக் கடக்கும்போதும் மயக்கம் வரும்போதும் மூக்குக்கு அருகில் பிடிப்பார்களாம். கிருபாவதி அக்கா அதை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். வேறு நகை அவருக்கு இல்லை.

பிள்ளையும் அவருக்கு ஒருவன்தான், ஆசீர். சின்ன வயதில் அவனுக்கு விஷக்காய்ச்சல் கண்டு, டாக்டர்கள் கைவிட்ட அன்று, கிருபாவதி அக்கா, வேதத்தில் பிள்ளைக்காக அழுது கேட்ட அன்னாளைப் போல முழங்காலில் விழுந்து, ஆண்டவரே இவனை எனக்குத் திருப்பிக் கொடும், நான் இவனை உமக்கே கொடுத்துவிடுகிறேன் என்று பொருத்தனை பண்ணினார். காய்ச்சல் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து ஆசீர் ஊழியத்துக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளையை எங்கள் ஜனங்கள் வேறு மாதிரிதான் பார்ப்பார்கள், அவன் மாங்காய் திருடினால் மற்றப் பையன்களை விட அதிகமாகத் திட்டுவார்கள், அவன் பாடினால் அதிகமாக அழுவார்கள். வளர்ந்து இறையியல் கல்லூரிக்குப் போனான். லீவில் வரும்போது சொந்தச் சபையில் முதல் பிரசங்கம் பண்ணுவான் என்று அறிவித்து, ஜனங்களெல்லாம் நல்ல உடுப்புப் போட்டு வந்து உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, ஆசீர் வரவில்லை. கல்லூரியிலும் இல்லை. பம்பாய் என்றார்கள், துபாய் என்றார்கள், கப்பல் என்றார்கள். அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

இனி பெட்டியின் விஷயம். ஒரு கோடைகாலத்து ஆராதனையில் பிரசங்கம் நீண்டுகொண்டே போக, சரோஜம் என்கிற அம்மாள் பெஞ்சிலிருந்து சரிந்து மயங்கி விழுந்தார். தண்ணீர் கொண்டு வா, விசிறு என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, கிருபாவதி அக்கா மிஸ் ஆக்லண்ட் சொன்னதை நினைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து சரோஜத்தின் மூக்கருகில் பிடித்தார். சரோஜம் நீளமாக ஒரு மூச்சு இழுத்து, கண்ணைத் திறந்து, "ஏசு, அடுப்ப அணைடா, ரொட்டி கருகுது" என்றார். ஏசுதாஸ் அவர் மகன், இருப்பது டொராண்டோவில். வீட்டுக்குப் போய் போன் பண்ணினால், "ரொட்டி கருகினது உனக்கு யாரும்மா சொன்னா?" என்று அவன் பயந்துபோய்விட்டான்.

அதன் பிறகு யாரும் அதை அதிசயம் என்று சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, வரிசையில்தான் நின்றார்கள். யாரை மனதில் வைத்து முகர்கிறோமோ, அந்த ஆள் அந்த நேரத்தில் நிற்கிற இடத்துக் காற்று அந்தத் துளைகள் வழியாக வரும், அவ்வளவுதான். அந்த ஊரில் பிள்ளை வெளியூர் போகாத வீடே கிடையாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் கோயில் பின்வாசலில் நிற்பார்கள், கிருபாவதி அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து பிடிப்பார், ஆளுக்கு ஒரு மூச்சு. இரண்டாவது மூச்சு இழுத்தால் பின்னால் நிற்கிறவர்கள் சத்தம் போடுவார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெண்களின் மூக்குகள் பழகிவிட்டன. ஃப்ரிஜ்ஜைத் திறந்தது மாதிரி இருந்தால் அங்கே பனி பெய்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். துணி சோப்பு வாசனை வந்தால், பரவாயில்லை, துவைக்கிறான் என்று சந்தோஷப்பட்டார்கள். தம்மாமில் புருஷன் இருக்கும் ஜமீலாபீ வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து முகர்ந்துவிட்டு, "மீனு பொரிக்கிறாரு மனுசன், இங்க இருக்கறப்ப ஒரு தண்ணி சுட வெச்சிருப்பாரா!" என்று கோபித்துக்கொண்டு போவார். ஒருத்தி மட்டும் முகர்ந்ததும் முகம் கறுத்து, "இது எந்த மகராசி பூசிக்கிட்ட சென்ட்டு?" என்று கேட்டாள், அவளுக்கு மட்டும் அன்றைக்கு இரண்டாவது மூச்சுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

போதகருக்குக் கொஞ்சம் கலக்கம் இருந்தது. இது குறி கேட்பதோடு சேர்ந்துவிடுமோ என்று மூப்பர்களைக் கூட்டிப் பேசினார். மூப்பர்களின் மனைவிமார் அனைவரும் வரிசையில் நின்றவர்கள். ஆகவே, வரப்போவதைக் கேட்டால்தான் குறி, இப்போது இருப்பதை முகர்ந்தால் குறி ஆகாது, ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் வேண்டாம் என்று தீர்மானமானது. லெந்து நாட்களில் அந்தத் தாய்மார் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது என்றார் வயலட் அக்கா, இறைச்சியைக்கூட விட்டுவிட்டார்கள், இதை விடுவதற்குத்தான் ஜெபம் தேவைப்பட்டதாம்.

நானும் ஒருமுறை போனேன். என் மகள் வீட்டுக் காற்றை முகர்ந்தேன். சமையல் வாசனையே இல்லை, புதுச் சுவர்ப் பூச்சும் மூடிய அறையும் மட்டும் இருந்தன. அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதவில்லை.

ஆனால் பெட்டிக்காரியான கிருபாவதி அக்காவுக்கு அது ஒன்றும் கொடுக்கவில்லை. ஆசீரை நினைத்துக்கொண்டு எத்தனையோ காலைகளில் முகர்ந்தும், அவர் வீட்டு முற்றத்தில் அடிக்கிற அதே வாசனைதான் வரும். தேயிலைத் தொழிற்சாலையில் பச்சைத் தேயிலை வாடும் வாசனை, தைல மரத்துப் புகை, மூடுபனியின் ஈரம். வெளியே நின்று மூச்சு விட்டாலும் அதேதானே. "வெச்சிருக்கறவங்களுக்கு அது பேசாது போல அக்கா, நம்மள மாதிரிதான், ஊருக்கு ஆக்கிப் போடறவளுக்குத் தன் வயித்து நினைப்பு கடைசிலதான் வரும்" என்று போதகரம்மா ஆறுதல் சொன்னார். அவன் உயிரோடு இல்லை போலிருக்கிறது என்று சிலர் உள்ளுக்குள் நினைத்தார்கள், வாய்விட்டுச் சொல்லவில்லை. கிருபாவதி அக்காவும் அதைத்தான் நினைத்திருப்பார். ஆனாலும் ஞாயிறுதோறும் ஸ்டூலில் உட்கார்ந்து, மற்றவர்களின் பிள்ளைகளை மற்றவர்களுக்குத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார், கை வலித்தால் மாற்றிப் பிடித்துக்கொள்வார்.

பிறகு அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷனுக்குக் கீழே சமவெளிக்கு வந்தார். துணைக்கு வந்தவர் வயலட் அக்கா. கண்ணைக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பாக்குத் தோப்பும் சூடான புழுதியும் பெட்ரோலும் சேர்ந்த காற்று. பொழுது போகாமல் வயலட் அக்கா பெட்டியை வாங்கி, சென்னையில் இருக்கும் தன் மகளை முகர்ந்தார், மின்சார ரயிலின் வேர்வையும் மல்லிகைப்பூவும் வந்தன. பெட்டியைத் திருப்பிக் கையில் கொடுத்தார். கண் கட்டோடு படுத்தபடியே கிருபாவதி அக்கா வழக்கம்போல மகனை நினைத்து மூச்சு இழுத்தார்.

தேயிலை வாடும் வாசனை வந்தது. தைல மரத்துப் புகை வந்தது. மூடுபனியின் ஈரம் வந்தது.

"வயலட்டு" என்றார், "உனக்கு இங்க பனி அடிக்குதா?"

"இந்த வேக்காட்டுல பனியா? கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டதுல உங்களுக்கு மூக்கும் மரத்துப்போச்சா அக்கா?"

"பெட்டில மலைக்காத்து தங்கியிருக்குமோ?"

"அப்ப எனக்கு ஏன் ட்ரெயின் வந்துச்சு?"

கிருபாவதி அக்கா பெட்டியைத் தடவி மூடித் திறந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "அவன் எங்கயும் போகலடி. மேல நம்ம மலைலதான் இருக்கான். நான் விடற மூச்சத்தான் அவனும் விட்டுக்கிட்டு இருந்திருக்கான்" என்றார். கண் கட்டு நனையக் கூடாது என்று நர்ஸம்மா ஓடி வந்து அதட்டினார். அழாதீங்க, தையல் இருக்கு, அழாதீங்க. அவர் அழாமல் இருக்கத்தான் பார்த்தார்.

மலைக்குத் திரும்பியதும் வரிசை வேறு மாதிரி ஆனது. இப்போது பெண்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு, ஆசீரை நினைத்து முகர்ந்தார்கள். முற்றத்துக் காற்றிலிருந்து பெட்டிக் காற்றைப் பிரித்துப் பிரித்து எடுத்தார்கள், அரிசியில் கல் பொறுக்குவது போல. இது பனி, நம்முடையதுதான். இது தேயிலை, நம்முடையதுதான். இதோ, டால்டாவும் சர்க்கரையும் சூடேறுகிற வாசனை, இது மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கி சுடுகிற அடுப்பு. ஆனால் வர்க்கி போடுகிற பேக்கரி மலையில் எத்தனை இல்லை? அப்போது காய்கறி விற்க வந்த படுகர் வீட்டு மாதியம்மா ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "பூண்டு. பூண்ட புகையில கட்டித் தொங்க விட்டிருக்காங்க. அது எங்க பக்கம், கோத்தகிரி ரோட்டுல, வளைவுக்கு மேல. அங்க ஒரே ஒரு பேக்கரிதான்" என்றார்.

கிருபாவதி அக்கா யாரையும் கூட்டிக்கொள்ளாமல் போனார். நல்ல சேலை கட்டி, குடையோடு, பஸ்ஸில் போய் இறங்கினார். பேக்கரிக்கு எதிர்ப்பக்கம், சாலைக்கு இப்பால் நின்றார். கடையின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவன் தட்டில் வர்க்கி அடுக்கிக்கொண்டிருந்தான், தலைமுடியெல்லாம் மாவு. மாவா நரையா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. ஏதோ பாடிக்கொண்டிருந்தான், அது பாமாலைப் பாட்டு இல்லை, சினிமாப் பாட்டு. அவ்வளவு சுகமாக அவன் பாடி அவர் கேட்டதே இல்லையாம். அவன் தலையைத் தூக்கினான். அம்மாவைப் பார்த்தான். பாட்டு நின்றது. ஒரு வர்க்கிகூட உடையாமல் தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போனான்.

அவர் சாலையைக் கடந்து வாசலில் போய் நின்றார். முதலாளி வந்து, "ஆசீரா? இப்பதான பின்பக்கமா போனான். நீங்க யாருங்கம்மா?" என்று கேட்டார். "வர்க்கி வாங்க வந்தேன்" என்றார் கிருபாவதி அக்கா.

அன்று சாயங்காலம் பெட்டியில் டீசல் வந்தது. மறுநாள் புழுதியும், சந்தை மாட்டுச் சாணமும், பஸ் ஸ்டாண்டு மூத்திரமும். அதன் பிறகு எந்த ஊர் என்று சொல்ல முடியாத சாக்கடை, பழைய கோணி, ஆறிப்போன புரோட்டா. வருஷக்கணக்காக எந்த வாசனை ஒன்றுமில்லை என்று அவர் தள்ளி வைத்தாரோ, அந்த வாசனைக்காக இப்போது தவித்தார். சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு ஸ்டூலில் உட்காரவில்லை, பெட்டியை வயலட் அக்காவிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். வரிசையில் நின்ற பெண்கள் குழம்பும் ரசமும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் போதகரிடம் போனார்.

"ஆண்டவருக்குன்னு கொடுத்தத திருப்பிக் கேக்கலாமா போதகரே?"

"எதைக்கா?"

"என் பிள்ளைய. அவன் என்னப் பாத்து ஓடல. நான் பண்ணின பொருத்தனையப் பாத்து ஓடறான். என் முகத்துல அது எழுதியிருக்குது போல."

போதகர் வேதத்தை எடுத்தார், திறக்காமல் வைத்தார். "எனக்குத் தெரியலைக்கா. என்னையும் எங்கம்மா நேந்துதான் விட்டாங்க" என்றார்.

"உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

போதகர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "பழகிப்போச்சுக்கா" என்றார்.

இருவரும் முழங்காலில் நின்றார்கள். கிருபாவதி அக்கா சத்தமாக ஜெபம் பண்ணுகிறவர் இல்லை. அன்று சத்தமாகச் சொன்னார். ஆண்டவரே, நீர் காய்ச்சலை எடுத்தீர், ஸ்தோத்திரம். நான் கொடுத்தது என்னுடையது இல்லை, அவனுடையது. அவனிடம் கேட்காமல் கொடுத்துவிட்டேன். இதற்குப் பதிலாக என்னிடம் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும், அவன் வர்க்கி போடட்டும், சினிமாப் பாட்டே பாடட்டும்.

அதனால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், வயலட் அக்காவும் சொல்லவில்லை. ஆனால் மழை தொடங்கிய சமயத்தில் ஒரு காலை, பெட்டியைத் திறந்ததும் தேயிலை வந்தது, பூண்டு வந்தது, டால்டாவும் சர்க்கரையும் வந்தன. கிருபாவதி அக்கா வயலட் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டி, "திரும்பி வந்துட்டான்" என்றார்.

"இப்பவே கிளம்புங்க அக்கா, நானும் வரேன். பொருத்தனைய வாபஸ் வாங்கியாச்சுன்னு சொல்லிடலாம்."

"சொல்றதுக்கு முன்னாடி என்னப் பாப்பானே. பாத்தா மலை எறங்கிப் போயிடுவான். அடுத்த தடவை திரும்பி வருவான்னு யாரு கண்டா?"

அவர் போகவில்லை. ஊரும் அதைப் புரிந்துகொண்டது. அந்தச் சபையில் ஆசீருக்குத் தெரியாத முகம் கிடையாது, யாரைப் பார்த்தாலும் அம்மா அனுப்பியது என்று நினைத்துவிடுவான். ஆகவே கோத்தகிரிக்குப் போகிற சபையார் அந்த வளைவு வந்தால் பஸ்ஸில் தலையைக் குனிந்துகொள்வார்கள், நடந்து போகிறவர்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவார்கள். கல்யாண ஊர்வலமே ஒருமுறை பாண்டு வாத்தியத்தை நிறுத்தி, மறுபக்கம் வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது. அந்தப் பேக்கரி வர்க்கியை அந்த ஊரில் ஒருவர் வீட்டிலும் பார்க்க முடியாது. மலையில் அதுதான் நல்ல வர்க்கி என்கிறார்கள்.

கிருபாவதி அக்காவுக்கு இப்போது வயதாகிவிட்டது. விடியும்போது பெட்டியைத் திறந்து மகனை முகர்ந்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். இன்று புதுச் சட்டை போட்டிருக்கிறான், இன்று யாரோ குழந்தைக்குப் பவுடர் போட்டுத் தூக்கி வந்திருக்கிறார்கள், அவனுடையதோ முதலாளி வீட்டுப் பேரப்பிள்ளையோ தெரியவில்லை என்று வயலட் அக்காவிடம் சொல்வார். இரண்டு மைல் தூரம், ஒரே பனி, ஒரே காற்று. அந்தக் கதவு தானாகத் திறக்கிற நாளைக் கேட்டு ஜெபம் பண்ணுகிறார், நாங்களும் பண்ணுகிறோம்.

இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பெட்டியில் ஈர விறகின் புகை வருகிறதாம். பேக்கரிக்குப் பின்னால் தைல மரக் கட்டைகளை மூடாமல் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது, இருமல் மருந்து வாசனையும் சேர்ந்து வருகிறதாம். சபையார் யாரும் போய்ச் சொல்ல முடியாது. என்னையும் வயலட் அக்காவோடு அவன் பார்த்திருக்கலாம். உங்களை அவனுக்குத் தெரியாது. குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகிற வழியில், வளைவுக்கு மேலே, பூண்டு உலர்த்துகிற கொட்டகைக்கு அடுத்த பேக்கரி. நீங்கள் அந்தப் பக்கம் போனால் இறங்கிக் கொஞ்சம் வர்க்கி வாங்கிக்கொண்டு, விறகைத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், சும்மா, கண்ணில் பட்டது என்று சொல்லுங்கள்.